பேச்சு நின்ற படுக்கை: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் வென்டிலேட்டர் செவிலியமும்

வென்டிலேட்டரில் இருப்பவரால் பேச முடியாமல் போவதற்கு அவருக்குப் போட்டிருக்கும் குழாயே காரணம். வாய் வழியாக இறக்கும் குழாய் இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே நுழைந்து மூச்சுக்குழலுக்குள் போகிறது. அதன் நுனிக்குச் சற்று மேலே உள்ள சிறு பலூனில் காற்றை ஏற்றியதும், குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி அடைபட்டுவிடும். நுரையீரலுக்குப் போகும் காற்றும் திரும்பும் காற்றும் குழாய்க்குள்ளேயே ஓடும். குரல்நாணில் காற்று படாது. படாதபோது ஒலியும் இல்லை. கழுத்தில் துளையிட்டுப் போடும் டிராக்கியாஸ்டமியில் குழாய் குரல்நாணுக்குக் கீழே இருக்கிறது. அதனால் உதடும் நாக்கும் தாராளமாக அசையும், ஆனாலும் சத்தம் வராது. காது மட்டும் எப்போதும்போல் கேட்கும். மயக்க மருந்து குறைவாக இருந்தால் புத்தியும் தெளிவாகவே இருக்கும்.

இந்த நிலையில் உள்ளவரோடு பேசுவது செவிலியர் தொழிலில் சேர்ந்து எழுபது ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக்கு அது இன்னும் பிந்தி வந்தது. மலையடிவாரத்துப் பாம்பு, வயல்காட்டுப் பூச்சிமருந்து, சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி ஆகிய மூன்றுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு.

1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமானதும் இரண்டு ஊர்களும் அதற்குள் வந்தன. எல்லைக்கோடு எப்படி மாறினாலும், பெரிய வியாதி என்றால் போக வேண்டியது மதுரைக்கு, இல்லாவிட்டால் திருநெல்வேலிக்கு என்பது நெடுநாள் மாறவில்லை. 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை திறந்தது பிரயாணத்தை எளிதாக்கியது. மதுரையில் ஆளுநர் எர்ஸ்கின் பெயரில் எழுந்த பெரிய ஆஸ்பத்திரி, இன்றைய ராஜாஜி மருத்துவமனை, தென் மாவட்டங்களுக்கெல்லாம் கடைசிப் புகலிடமானது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரியும் 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். சாதாரணக் காய்ச்சலும் எலும்பு முறிவும் அந்தத் தூரத்தைத் தாங்கும். மூச்சுத்தசை செயலிழந்துகொண்டே போகும் ஒருவர் அந்தக் காலத்து வண்டியில் அவ்வளவு தூரம் போய்ச் சேர்வது அரிது. இரண்டு ஊர்களின் மருத்துவ வரலாற்றில் வென்டிலேட்டர் நோயாளி என்ற ஆள் நெடுங்காலம் காணாததற்கு இதுவும் ஒரு காரணம்.

செவிலியர் பயிற்சி தமிழ்நாட்டில் பழையது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. சென்னை மாகாணச் செவிலியர், தாதியர் சட்டம் 1926இல் நிறைவேறி, பதிவு பெற்றவர்தான் செவிலியர் என்ற நிலையை உண்டாக்கியது. அந்தப் பயிற்சியில் காயம் கட்டுவது, படுக்கை விரிப்பது, வெப்பம் பார்ப்பது, மருந்து அளப்பது எல்லாம் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டன. நோயாளியோடு பேசுவது நல்ல குணத்தில் அடங்கும் விஷயமாக இருந்ததே தவிர, தனியாகக் கற்க வேண்டிய வேலையாக யாரும் அதை எண்ணவில்லை.

சொல்லப்போனால், பேசாமலிருப்பதுதான் கற்பிக்கப்பட்டது. ரண ஜன்னி எனப்பட்ட டெட்டனஸ் வார்டு அதற்குச் சரியான உதாரணம். காலில் ஏறிய முள், அரிவாள் வெட்டு, சுத்தமில்லாத கத்தியால் அறுத்த தொப்புள்கொடி என்று காரணம் எதுவானாலும் நோய் முற்றியபின் ஒரே மாதிரிதான் தாக்கும். தாடை பூட்டிக்கொள்ளும். வெளிச்சம், சத்தம், தொடுகை மூன்றில் எது பட்டாலும் உடம்பு வில்லாய் வளையும். இத்தனைக்கும் நினைவு தப்புவதில்லை. ஒவ்வொரு இழுப்பையும் நோயாளி முழு உணர்வோடு அனுபவிப்பார். ஆகவே அந்த வார்டு ஒதுக்குப்புறமாக, இருட்டாக, சன்னலை மூடி வைக்கப்பட்டது. செவிலியர் சத்தமில்லாமல் நடக்க வேண்டும், தட்டு உருளக்கூடாது, ஊசி போடுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட வேண்டும். இந்த மௌனத்துக்குள் ஒரு சிறு விதிவிலக்கு இருந்தது. எதிர்பாராத தொடுகை இழுப்பைக் கிளப்பும் என்பதால், கை வைக்கும் முன் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், தொடும் முன் சொல் என்பதுதான். பேச்சுக்குப் பெயர்போகாத வார்டிலிருந்து பேச்சின் முதல் விதி கிடைத்தது விசித்திரம்தான்.

பேச்சை உண்மையில் கேள்விக்குள்ளாக்கியது போலியோ. 1928இல் பாஸ்டனில் ஃபிலிப் டிரிங்கரும் கூட்டாளிகளும் செய்த இரும்பு நுரையீரல், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் பெட்டிக்குள் வைத்து, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து மூச்சை வரவழைத்தது. வாயும் தொண்டையும் வெளியே சுதந்திரமாக இருந்ததால் அதில் படுத்தவர் பேசலாம். மூச்சு வெளியேறும் நேரத்தில் மட்டும் சொல் வரும், உள்ளே போகும் நேரத்தில் நிற்கும். எந்திரத்தின் தாளத்துக்கு வாக்கியத்தை நறுக்கிப் பேசப் பழகிக்கொண்டார்கள். அதே 1928இல் மயக்கவியலார் ஆர்தர் கீடலும் ரால்ஃப் வாட்டர்ஸும் பலூன் வைத்த மூச்சுக்குழாயை அறிமுகம் செய்தனர். நோக்கம் அறுவை அறையில் மயக்கவாயு கசியாமல் தடுப்பதுதான். குரலைப் பறிக்கும் பொருள் பிறந்துவிட்டது. ஆனால் அறுவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள் என்பதால் அதை யாரும் ஒரு குறையாகக் காணவில்லை.

1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனின் பிளெக்டாம் தொற்றுநோய் மருத்துவமனை போலியோ நோயாளிகளால் நிரம்பியபோது அங்கிருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல். ஆகஸ்ட் 27 அன்று பியோன் இப்சன் என்ற மயக்கவியலார், மூச்சுத் திணறிய 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டு, பலூன் குழாய் போட்டு, ரப்பர் பையை அமுக்கிக் காற்று செலுத்தச் செய்தார். சிறுமி பிழைத்தாள். அடுத்த சில மாதங்களுக்குச் சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கினர். உலகத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கிருந்துதான் கிளைத்தது என்று மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் கணக்கிடுகிறார்கள்.

அந்த மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் தானாக வந்து சேர்ந்தது. நினைவோடும் பேச்சில்லாமலும் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் மணிக்கணக்காக உட்காரும்போது முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. புத்தகம் படித்துக் காட்டினார்கள், விளையாடினார்கள். காற்று போதவில்லை என்பதைக் கண்ணிலிருந்தும் முகக்குறிப்பிலிருந்தும் தெரிந்துகொண்டு பையை வேகமாக அமுக்கினார்கள். நோயாளி கேட்டதற்குக் கை உடனே பதில் சொன்னது. பிறகு எந்திரம் வந்து பையைப் பிடுங்கிக்கொண்டதும், அந்த இடத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. செயற்கை மூச்சின் வரலாற்றில் எந்திரம் கொடுத்ததையே பேசுகிறார்கள். அது தலைமாட்டிலிருந்து எழுப்பி அனுப்பிய ஆளைப் பற்றிப் பேச்சு குறைவு.

தமிழ்நாட்டில் அந்த ஆள் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போகவில்லை. டென்மார்க்கின் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் ஹென்னிங் ரூபனும் 1956இல் கொண்டுவந்த தானே விரியும் பை, ஆம்பு பேக், அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேர்ந்தது. வென்டிலேட்டர் எண்ணிக்கையோ மிகக் குறைவு. எந்திரம் காலியாகும்வரை பையை அமுக்கும் பொறுப்பு பல சமயம் உறவினர் கைக்குப் போனது. அண்ணன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர் என்று மணிக்கு ஒருவராக மாறி மாறி இரவெல்லாம் அமுக்கியது தென் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு தலைமுறை கண்ட காட்சி. எப்படி அமுக்குவது, எப்போது நிறுத்திச் சளி எடுக்கக் கூப்பிடுவது என்பதைச் செவிலியர் சொல்லித்தந்தார். அவருக்கும் அதில் ஆதாயம் இருந்தது: நோயாளியின் முகக்குறி வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். "என்னமோ கேக்காரு சிஸ்டர்" என்று அவர் கூப்பிட்ட பிறகே பல விஷயம் செவிலியர் கவனத்துக்கு வந்தது. மருத்துவக் கணக்கில் இது பற்றாக்குறையின் அடையாளம், ஆபத்தும்கூட. பேச்சுக் கணக்கில் மட்டும், பின்னால் வந்த கண்ணாடிக் கதவு போட்ட பிரிவில் கிடைக்காத ஒன்று அங்கே இருந்தது.

எந்திரத்துக்கு வந்தவர்கள் யார் என்பதில் இந்த வட்டாரத்தின் முகம் தெரியும். மேல்நாட்டுப் பாடநூல் நிமோனியாவிலும் பெரிய அறுவைகளிலும் தொடங்கும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்தவர்களில் பூச்சிமருந்து குடித்தவர்களும் பாம்பு கடித்தவர்களும் முக்கியமானவர்கள். பருத்தியும் கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து வீட்டு மூலையிலேயே இருக்கும். குடித்தவருக்கு எச்சில் ஒழுகும், கண்மணி புள்ளியாகச் சுருங்கும், நுரையீரலில் நீர் கட்டும். அதற்கு மாற்று அட்ரோபின். அளவு ஏறினால் அட்ரோபினே புத்தியைக் குழப்பும். நோயாளி காற்றில் எதையோ பிடிப்பார், குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்.

முதல் நாள் தேறிவிட்டதாகத் தோன்றும் சிலருக்கு, ஓரிரு நாள் கழித்துக் கழுத்தும் மூச்சுத்தசையும் சோர்ந்து விழும். இதை இடைநிலைக் குறித்தொகுதி என்று பெயரிட்டு 1987இல் முதலில் விவரித்தவர்கள் இலங்கையின் நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது அதன் முன்னறிகுறி. அந்தக் கண்டுபிடிப்பு செவிலியரின் வாய்க்கு ஒரு வாக்கியத்தைக் கொடுத்தது: "தலையைத் தூக்குங்க பாப்போம்." கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. செவிலியருக்கு அது பரிசோதனை. இரண்டு மணிக்கு ஒருமுறை அதைச் சொல்லி, தலை எவ்வளவு எழும்புகிறது, எத்தனை நொடி நிற்கிறது என்று பார்த்தால், மூச்சு நிற்கப்போவதை முன்கூட்டியே ஊகிக்கலாம். விஷம் குடித்தவரிடம் ஏன் குடித்தீர்கள் என்று கேட்காமல் பேசுவதும் அந்தப் படுக்கையில்தான் கற்க வேண்டியிருந்தது. குழாய் போட்டவரால் பதில் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் தலைமாட்டில் நின்று திட்டும் உறவினரை வெளியே அனுப்புவதும் அதே வேலையில் சேர்ந்தது.

பாம்புக்கடி இன்னும் கடுமையான பாடம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே தொடங்கும் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அதன் அடிவாரம் முழுக்கத் தோப்பும் வயலும். நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும் விஷம் கொண்டவை. கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, பிறகு இமை சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சும் நிற்கும். எந்திரத்தில் வைத்துக் காத்திருந்தால் பெரும்பாலோர் சில நாளில் எழுந்துவிடுவார்கள்.

அந்தச் சில நாள்தான் விஷயம். இமை தூக்க முடியாது, விரல் அசையாது, சில சமயம் கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாது. மூளை இறந்தவர் என்று தவறாக எண்ணும் அளவுக்குச் சலனமில்லாமல் கிடப்பார். ஆனால் காது கேட்கும், புத்தி வேலை செய்யும். மருத்துவர் உறவினரிடம் சொல்வது, பக்கத்துப் படுக்கையில் நடப்பது, செவிலியர்கள் தங்களுக்குள் பேசுவது அனைத்தும் அவருக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆகவே பாம்புக்கடி நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் பேசும் பேச்சுக்கு இரட்டைக் கட்டுப்பாடு வந்தது. அவர் கேட்கக்கூடாததை அங்கே பேசக்கூடாது. கேட்க வேண்டியதைப் பதிலே வராது என்று தெரிந்தும் பேசியாக வேண்டும்: "ஐயா, பாம்பு விஷத்தால கை கால் அசையல, ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும், மெஷின் மூச்சு விடுது, பயப்படாதீங்க." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஷிஃப்டுக்கு எத்தனை தடவை சொல்லப்படுகிறது என்பது ஆளைப் பொறுத்தது. அனுபவம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலையாவது அசைக்கச் சொல்லி, கட்டைவிரல், புருவம், கால்விரல் என்று வரிசையாகத் தேடுவார்கள். எங்கேயாவது ஒரு தசையில் துளி அசைவு கிடைத்தால் அன்றைக்கு அதுவே அவருடைய வாய்.

அட்ரோபின் குழப்பத்தில் குழாயைப் பிடுங்குபவரின் கை வேறு விதமாக மௌனமாகிறது: கட்டிலோடு கட்டிவிடுவார்கள். அதற்குத் தனி வார்ப்பட்டை பல ஆஸ்பத்திரிகளில் இருந்ததில்லை. கையில் கிடைக்கும் ரோலர் பேண்டேஜ்தான். இந்தத் துணியின் ஊர் ராஜபாளையத்திலிருந்து கிழக்கே சிவகாசி செல்லும் வழியில் உள்ள சத்திரப்பட்டி. அங்கும் சுற்றியுள்ள சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் போன்ற ஊர்களிலும் கைத்தறியாகத் தொடங்கிய நெசவு விசைத்தறிக்கு மாறி, வேட்டி சேலையை விட்டு மருத்துவத் துணிக்குத் திரும்பியது. பேண்டேஜ், காஸ் இரண்டும் தளர்வாக நெய்யும் பருத்தித் துணி. தறியிலிருந்து இறங்கும்போது பழுப்பாக, தண்ணீரை உறிஞ்சாமல் இருக்கும். வெளுத்து, மெழுகும் கஞ்சியும் போன பிறகே அது உறிஞ்சும். பிறகு வெட்டி, சுருட்டி, உறையிலிட்டு நாடெங்கும் போகிறது. மருந்து, அழகுப்பொருள் விதிகளின் எஃப்-2 அட்டவணை இந்தத் துணியில் எத்தனை இழை, எவ்வளவு எடை என்றுகூட வரையறுத்திருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அதே துணி பல வேலை செய்கிறது. டிராக்கியாஸ்டமி குழாய் நகராமல் கழுத்தைச் சுற்றிக் கட்டுவது, துளையைச் சுற்றி மடித்து வைப்பது, தண்ணீர் குடிக்கக்கூடாதவரின் வறண்ட உதட்டை நனைத்துத் துடைப்பது. தாகம் என்று சைகை செய்பவருக்குச் செவிலியர் கொடுக்கக்கூடிய பதில் பெரும்பாலும் ஒரு ஈரக் காஸ்தான். மணிக்கட்டைக் கட்டும் வேலையில்தான் சிக்கல். கட்டிய கையால் சைகை காட்ட முடியாது, எழுத முடியாது, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்ட முடியாது. குழாய் குரலை எடுத்தது. பேண்டேஜ் மிச்சமிருந்ததையும் எடுத்தது. கட்டுவதற்கு நியாயம் உண்டு: பிடுங்கிய குழாயை மறுபடி போடுவதற்குள் உயிர் போகலாம், இரவில் ஒரு செவிலியர் பல படுக்கையைப் பார்க்கிறார். ஆனாலும் பக்கத்தில் ஆள் நிற்கும்போது கட்டை அவிழ்த்து, சைகைக்கு இடம் கொடுத்து, போகும்போது மறுபடி கட்டுவது என்ற பழக்கம் எங்கே இருந்ததோ அங்கே நோயாளி குறைவாகவே திமிறினார் என்பது மூத்த செவிலியர்கள் அறிந்தது.

உலகத்தில் இந்த மௌனத்தை ஆய்வுப்பொருளாக்கியவர்கள் செவிலியர்களே. பிரிட்டனில் பாட் ஆஷ்வொர்த் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உட்கார்ந்து கவனித்து 1980இல் எழுதிய நூல் முன்னோடி. செவிலியர் பேச்சு பெரும்பாலும் சில நொடியில் முடிவது, கையில் இருக்கும் வேலையைப் பற்றியது, பதில் சொல்ல முடியாதவரிடம் இன்னும் குறைவது என்று அவர் காட்டினார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பதில் வராத பேச்சு யாருக்கும் சீக்கிரம் தளர்ந்துவிடும். அமெரிக்காவில் மேரி பெத் ஹாப் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சைத் தொடங்கியது மிகப் பெரும்பாலும் செவிலியர்தான் என்றும், வலியைப் பற்றிய பரிமாற்றங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் வெற்றி பெறவில்லை என்றும் தெரிந்தது.

இவற்றைவிட நடைமுறையை மாற்றியது மயக்க மருந்து பற்றிய கருத்து மாறியதுதான். எந்திரத்தில் இருப்பவர் ஆழ்ந்து தூங்குவதே கருணை என்று எண்ணிய காலம் இருந்தது. சிகாகோவில் ஜான் கிரெஸ் குழு 2000இல் தினமும் மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தால் எந்திர நாள் குறையும் என்று காட்டியது. டென்மார்க்கின் ஓடென்ஸில் 2010இல் மயக்கமே இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். இந்தப் போக்கு இந்தியாவுக்கும் வந்தது. விளைவு, முன்பு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். விழித்தவர் கேட்பார். பதில் சொல்ல வழி வேண்டும்.

வழிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை. எழுத்துப் பலகையை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கு 26 கட்டம் போதும். தமிழின் 247 எழுத்தையும் ஒரு அட்டையில் போட்டால் படுத்திருப்பவரின் கண்ணுக்கு அது எறும்புக்கூட்டம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என்று 31 கட்டத்தில் நிறுத்தி, மெய்யைக் காட்டி உயிரைக் காட்டச் சொன்னால் வேலை முடியும், ஆனால் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் இரண்டு தடவை விரல் நீட்ட வேண்டும். களைத்த கைக்கு அது தூரம். குழப்பத்தைக் கண்டறிய வெஸ்லி ஈலி குழு 2001இல் வெளியிட்ட சோதனையில் செவிலியர் 10 எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, 'ஏ' வரும்போதெல்லாம் நோயாளி கையை அமுக்க வேண்டும். அதையே 'அ' என்று மாற்றி, க, ச, த, ம என்று வாசித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் அகரம் ஒலிக்கும். கவனமாகக் கேட்பவரே தவறாக அமுக்குவார். எண்ணையோ படத்தையோ வைத்துக் கேட்பதுதான் நேர்மையான சோதனை.

தலையசைப்பிலும் ஒரு பொறி உண்டு. இந்தப் பக்கத்தில் சரி என்பதற்குத் தலை பக்கவாட்டில் சாயும், இல்லை என்பதற்குத் திரும்பும். நன்றாக இருப்பவரிடம் இரண்டும் துல்லியமாக வேறுபடும். குழாயை நாடாவால் ஒட்டி, கழுத்துத் தசை சோர்ந்தவரிடம் இரண்டும் ஒரே தயங்கிய ஆட்டமாகத் தெரியும். அதனால் ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணை மூடவும், இல்லை என்றால் மூடாமல் விழிக்கவும் சொல்லி முதலில் ஒப்பந்தம் செய்துகொள்வது பாதுகாப்பானது. ஒப்பந்தம் பலிக்கிறதா என்று பார்க்க, பதில் தெரிந்த கேள்வி ஒன்றைப் போட வேண்டும்: "உங்க ஊர் ராஜபாளையமா?"

உதடு படிப்பது டிராக்கியாஸ்டமி நோயாளியிடம் மட்டுமே நடக்கும். வாயில் குழாய் இருந்தால் உதடு சேராது. சேர்ந்தாலும் பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மூச்சு என்கிறாரா பூச்சு என்கிறாரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் இன்னொரு அடுக்கும் சேரும். விஜயநகர, நாயக்கர் காலத்தில் ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். கடைவீதியிலும் அலுவலகத்திலும் தடையில்லாத தமிழ் பேசும் ஒருவர், வலியிலும் அரைமயக்கத்திலும் வீட்டு மொழிக்குப் போய்விடுவார். வலி என்ற சொல்லை உதட்டில் தேடும் செவிலியர் அங்கே வேறொன்றைக் காண்பார். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதிலிருந்து வளர்ந்த நூற்பாலைகளில் இன்று வடமாநிலத் தொழிலாளர்களும் நிறைய. அவர்களுக்கு வாயசைவு, சைகை எல்லாமே வேறு. ரிங் ஃபிரேம் இரைச்சலில் கையாலும் உதட்டாலும் பேசிப் பழகிய மில் தொழிலாளி மட்டும், எந்த ஊர்க்காரராயிருந்தாலும், பலகை இல்லாமலே சமாளிக்கும் வாய்ப்பு அதிகம்.

படப் பலகை படிக்காதவருக்கும் மொழி தெரியாதவருக்கும் உதவும். தண்ணீர், வலி, சளி, சிறுநீர், புரட்டிப் படுக்க, காற்று, வீட்டு ஆள் என்று ஏழெட்டுக் கட்டம் பெரும்பாலான தேவைகளை அடக்கிவிடும். வெளிநாட்டு அட்டையைப் பார்த்து அச்சிட்டவற்றில் இந்த ஊர் நோயாளியின் முக்கியமான கேள்வி ஒன்று விட்டுப்போகும்: செலவு எவ்வளவு ஆச்சு? 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாக மாறிய பிறகு அந்தக் கேள்விக்குச் சில சமயம் நல்ல பதில் சொல்ல முடிந்தது. பேசும் வால்வு என்ற எளிய கருவியும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் மியூர் தன்னுடைய மௌனத்துக்கு விடையாக 1980களில் உருவாக்கியது அது. பலூனைத் தளர்த்திவிட்டு மாட்டினால் வெளிமூச்சு குரல்நாண் வழியே போய்ச் சத்தம் வரும். நிலை சீரான டிராக்கியாஸ்டமி நோயாளிக்கே பொருந்தும், பேச்சுப் பயிற்சியாளர் துணையும் வேண்டும். தாலுகா ஊர்களுக்கு அது எட்டாத பொருளாகவே இருந்தது.

2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும் மதுரை வரை உயிரோடு போய்ச் சேர்பவர் கூடினர். 2017இல் வந்த விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வழிநெடுக உள்ள அரசு மருத்துவமனைகளைக் கோத்தது. 2020இல் கொரோனா வந்தபோது வென்டிலேட்டர் என்ற சொல் வீட்டுப் பேச்சானது. அப்போது மௌனம் இரு பக்கமும் விழுந்தது: நோயாளிக்குக் குழாய், செவிலியருக்கு இரட்டை முகக்கவசமும் கண்ணாடியும். உதடும் முகமும் மறைந்தபின் மிஞ்சியது குரலின் ஏற்ற இறக்கமும் கையுறை போட்ட விரலும். யார் யாரென்று தெரிய உடுப்பின் மார்பில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். வெளியே நிற்கும் வீட்டாரைச் செல்போன் திரையில் காட்டுவதும் செவிலியர் வேலையாயிற்று.

2022 ஜனவரி 12 அன்று விருதுநகர் உள்ளிட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. வென்டிலேட்டர் படுக்கை சொந்த மாவட்டத்துக்குள்ளேயே கிடைத்தது பேச்சுக்கும் லாபம்: செவிலியருக்கு நோயாளியின் ஊர் வழக்கு தெரியும், வீட்டு ஆள் தினம் வந்து போக முடியும். ஆள்கணக்குதான் பின்தங்குகிறது. தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நடப்பில் இரண்டு, மூன்று, இரவில் அதற்கும் மேல். கவுன்சில் 2016 வாக்கில் கொண்டுவந்த தீவிர சிகிச்சைச் செவிலியருக்கான முதுநிலைப் படிப்பு, பேச்சையும் பாடமாக்கியது.

படுக்கையடி அட்டை இன்னும் பழைய மாதிரியில்தான் இருக்கிறது. 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் அமைத்த நினைவு அளவுகோலில் கண், பேச்சு, அசைவு என்று மூன்று பத்தி உண்டு; குழாய் போட்டவருக்குப் பேச்சுப் பத்தியில் மதிப்பெண்ணுக்குப் பதில் 'டி' என்ற எழுத்தைப் போட்டுவிட்டுக் கடந்துவிடுவார்கள். ரத்த அழுத்தம், சிறுநீர், ஆக்சிஜன் எல்லாம் மணிக்கு மணி ஏறும். இவரோடு எந்த வழியில் பேச முடிகிறது என்பதற்குக் கட்டம் கிடையாது. பகல் ஷிஃப்ட் செவிலியர் அரைநாள் முயன்று, இடது புருவம் உயர்ந்தால் ஆமாம் என்று கண்டுபிடித்திருப்பார். ஷிஃப்ட் மாறும்போது அதை வாயால் சொன்னால் உண்டு, மறந்தால் இரவு செவிலியர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். அதனால் சில செவிலியர்கள் பிளாஸ்திரி துண்டில் எழுதி எந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள்: புருவம் ஆமாம், தண்ணி கேப்பார், மகள் பேர் சொன்னா முழிப்பார்.